பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள்: ‘ஊருக்குள்ளதானே ஓட்டுறான்!’

கேள்வி: எங்கள் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் அப்பாவே கார் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ‘நல்லா ஓட்டுறான், ஊருக்குள்ளதானே, ஏர்பேக் எல்லாம் இருக்கு’ என்கிறார். இப்போது சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு மோகனூர் வரை போய் வருகிறான். எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. நான் சொன்னால் அவர் கேட்பதில்லை.
- ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மீதியை அவருக்கே எழுதுகிறேன்.

சார், பையன் நன்றாக ஓட்டுவான் என்பதை நம்புகிறேன். டெஸ்ட்டுக்கு வருகிறவர்களில் ஸ்டியரிங் பிடிக்கிற லாகவத்தில் சின்னப் பையன்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எதிரே வரும் கரும்பு டிராக்டருக்குப் பின்னாலிருந்து ஒரு மொபெட் சட்டென்று வெளியே வரலாம் என்று நினைத்து, முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது இருக்கிறதே, அது கைப்பழக்கம் இல்லை. வருஷக்கணக்கில் ரோட்டைப் பார்த்தால்தான் வரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அவன் திடுக்கிட்டு பிரேக்கைத் தொடுவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரமும் 40-ல் போவதைவிட 60-ல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே கால் மடங்கு.

ஏர்பேக்கா? அது பெல்ட் போட்டவருக்குத் துணை. பெல்ட் இல்லாமல் முன்னே பாய்கிற உடம்பை அதுவே அடித்துக் காயப்படுத்தும். பின் சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தால் பெல்ட் எங்கிருந்து போடுவது? எனக்கு உண்மையில் பயமே அந்த நாலு பேர்தான். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டுகிற பையன், சிநேகிதன் ‘மிதிடா’ என்றால் மிதிப்பான். நாமும் அந்த வயசில் அப்படித்தானே.

சட்டத்துக்கு வருவோம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு சேர்ந்தது. 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு எதை நிரூபிப்பீர்கள்? லைசென்ஸ் இல்லாத கை ஓட்டிய காருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடும்.

18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள். நம் ஊரில் 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்கு வந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் குறைந்தவர்கள் 120 மணி நேரம், அதில் 20 மணி நேரம் இரவில், பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டி லாக்புக்கில் எழுதியாக வேண்டும். அதை நீங்களே வீட்டில் செய்யலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியோடு நீங்களும் காரில் ஏறுங்கள். லைசென்ஸ் வந்த பிறகும் முதல் வருஷம் சிநேகிதர் கூட்டத்தை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: 16 வயதில் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் உண்டாமே? பேத்தி டியூஷனுக்குப் போக வேண்டும்.
- ஒரு தாத்தா, கரூர்

பதில்: உண்டு ஐயா, பெற்றோர் கையெழுத்தோடு. ஆனால் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அந்தக் காலத்து டி.வி.எஸ். 50-க்குப் பொருந்தும். இன்று ஷோரூமில் நிற்கிற ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சி.சி. அவற்றை அந்த லைசென்ஸில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. வீட்டு வண்டியின் ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் பேத்திக்கு சைக்கிள்தான் என்று ஆகும். டியூஷன் ராத்திரி முடிந்தால் நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள்.