நாலேகால் மணிக் கோபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம், கூடவே ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிற்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு). அதற்குக் கோவை டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் 10 மி.கி. மாத்திரை கொடுத்திருக்கிறார். காலை 7.30க்கு ஒன்று, பள்ளியில் 12க்கு ஒன்று. வகுப்பில் நன்றாக உட்காருகிறானாம். ஆனால் 4.15க்கு வேனை விட்டு இறங்கியதும் பையை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான். நான் எஸ்டேட் ஆபீஸிலிருந்து வர ஆறாகிவிடும். அதுவரை பார்த்துக்கொள்ளும் மாமியார், மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்கிறார். நிறுத்திவிடலாமா?

எம்., கோத்தகிரி

அன்புள்ள எம்.,

நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாதாரண வகை மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் பிடிக்கும். 12க்குப் போட்டது 4 மணிக்கு இறங்குகிறது, வேன் 4.15க்கு வருகிறது. மருந்து இறங்கும்போது வரும் எரிச்சலை டாக்டர்கள் 'ரிபவுண்ட்' என்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அழுகை, சிடுசிடுப்பு, பொம்மை மாதிரி உறைந்து உட்காருவது என்று இருந்தால் சங்கதி வேறு: அளவு கூடியிருக்கலாம், மருந்தே ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த மருந்தால் எரிச்சல் வருவது மற்றவர்களைவிட அதிகம். டீச்சரிடம் 'எப்படி இருக்கிறான்' என்று கேட்காதீர்கள், 9 மணிக்கு எப்படி, 2 மணிக்கு எப்படி என்று கேளுங்கள்.

மதிய டப்பா அப்படியே திரும்பி வருகிறதா? இந்த மருந்து பசியை அடக்கும். நாலு மணிக்கு மருந்தும் இல்லை, வயிற்றில் சோறும் இல்லை. ஆகவே காலையில் மாத்திரைக்கு முன்பே முட்டையோ வேர்க்கடலைச் சட்னியோ சேர்த்து வயிறாரக் கொடுங்கள். வேனை விட்டு இறங்கியதும் கையில் வாழைப்பழம், கடலைமிட்டாய். பேச்சு வேண்டாம். 'இன்னைக்கு என்ன பாடம்' என்பதுகூட அப்போது அவனுக்குப் பாரம். அரை மணி நேரம் தங்கை வேறு அறையில் இருக்கட்டும்.

ஸ்வெட்டரை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கக் கழுத்தில் உறுத்திய கம்பளியைப் பள்ளியில் பொறுத்துக்கொண்டவன் வீட்டில்தான் வெடிப்பான். உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை போட்டால் உறுத்தல் குறையும். குளிரில் தண்ணீர் குடிக்காமல் மலம் கட்டுவதையும் கவனியுங்கள். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை கையை ஓங்குகிறது.

இதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்க மூன்று வழி உண்டு: மாத்திரை நேரத்தை மாற்றுவது, நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்குப் போவது (அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது), மூன்றரைக்கு இன்னொரு சிறு அளவு. கடைசி வழி தூக்கத்தைக் கெடுக்கலாம். ரிஸ்பெரிடோன் என்ற மருந்தின் பேச்சு வந்தால், அது எரிச்சலைக் குறைக்கும், எடையை ஏற்றும் என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். தூக்கத்துக்கு குளோனிடின் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதை அடைபட்டால் கோவைக்கு இறங்க முடியாது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டு எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, கோபம் தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், தூக்கம். நாலேகாலுக்கு வாசலில் நிற்பவர் மாமியார்தானே, நோட்டையும் பேனாவையும் அவரிடமே கொடுங்கள்.