குளிர்கால பி.டி. பீரியடு: உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நம்ம தமிழ் பெற்றோர் குழுவுல ஒரு வாரமா இதே பேச்சுதான், இங்க குளிர்காலமான ஜூன் ஜூலை வந்தா பசங்க போர்வைக்குள்ள போனோட கெடக்குறாங்க, ஸ்கூல்லயும் குளிருன்னு சொல்லி பி.டி. பீரியடை கேன்சல் பண்ணிடுறாங்கன்னு. கேள்விகளை அனுப்புங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். நான் திருநெல்வேலி பக்கத்துல 6 வருஷம், அப்புறம் ஜோஹன்னஸ்பர்க் தெற்குல 17 வருஷம் பி.டி. மாஸ்டரா இருக்கேன். டாக்டர் கிடையாது, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

லெனேசியா அம்மா: சார், என் பையனுக்கு 9 வயசு. திங்கக்கிழமை முதல் பீரியடே பி.டி. காலைல 7.45க்கு வெளிய 3 டிகிரி இருக்கு. லெட்டர் குடுத்து கிளாஸ்லயே உக்கார வைக்கச் சொல்லலாமா?

லெட்டர் குடுங்கம்மா, ஆனா உக்கார வைக்கச் சொல்லி இல்ல, பீரியடை மாத்தச் சொல்லி குடுங்க. நம்ம ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரம், குளிர்காலத்துல மழையே கிடையாது, ராத்திரி பூரா தரை ஜில்லுன்னு ஆகி காலைல தரையோட ஒட்டின காத்து குளிர்ந்தும் அதுக்கு மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடாவும் இருக்கும், அதனால அடுப்புப் புகை, நிலக்கரிப் புகை, வண்டிப் புகை, புல்லு எரியிற புகை எல்லாம் மூடி போட்ட பானை மாதிரி கீழயே நிக்கும். காலைல தூரத்துல பழுப்பா ஒரு கோடு தெரியும் பாருங்க, அதுதான். வெயில் ஏறின பிறகுதான் அது கலையும். 11 மணிக்கு மேல அதே கிரவுண்டு 15, 16 டிகிரி வெயிலோட அருமையா இருக்கும். நான் 4 வருஷம் கேட்டுக் கேட்டு எங்க ஸ்கூல்ல சின்ன கிளாஸ் பீரியடை எல்லாம் 11லேர்ந்து 1க்குள்ள கொண்டு வந்தேன், டைம்டேபிள் போடுறவங்க முனகினாங்கதான், ஆனா நடந்துச்சு. 5 அம்மாங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டு குடுத்தீங்கன்னா சீக்கிரம் நடக்கும்.

இன்னொன்னு, இதை இன்னைக்குப் பல தடவ சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. மூச்சுத் தொந்தரவு இல்லாத பிள்ளை குளிர்ல ஓடினா ஒண்ணும் ஆகாது, நிக்கிற பிள்ளைதான் நடுங்கும். அட்டெண்டன்ஸ் எடுக்க வரிசைல நிக்கிறது, ஒரே பந்துக்கு 30 பேர் க்யூல நிக்கிறது, மாஸ்டர் பேசி முடிக்கிற வரைக்கும் நிக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை நானே ஸ்டாப்வாட்ச் வச்சு என் கிளாஸ்ல ஒரே ஒரு பையனை மட்டும் கவனிச்சேன். 35 நிமிஷ பீரியடுல அவன் உண்மைல ஓடி ஆடினது 11 நிமிஷம். என் கிளாஸ்தான் அது, வேற யாரையும் குத்தம் சொல்ல முடியல. அன்னைலேர்ந்து அட்டெண்டன்ஸை மெதுவா ஓட விட்டுக்கிட்டேதான் எடுக்கிறேன்.

பைல ஒரு காஞ்ச பனியன் வச்சு விடுங்க. வேர்த்த பனியனோட போய் குளிர்ந்த கிளாஸ்ல 2 மணி நேரம் உக்காந்திருக்கிறதுதான் அவனுக்குக் கஷ்டம். தண்ணியும் வச்சு விடுங்க, குளிர்ல தாகம் தெரியாது.

பெனோனி அப்பா: பொண்ணுக்கு 11 வயசு, ஆஸ்துமா இருக்கு. குளிர்காலத்துல ஓடினா இருமல் வருது. ஸ்கூல்ல ஓட வேணாம்னுட்டாங்க.

இதுக்கு ஒரு வரில பதில் சொல்ல மாட்டேன். ஓடும்போது வாயால மூச்சு விடுவோம், குளிர்ந்த காஞ்ச காத்து நேரா உள்ள போய் மூச்சுக்குழாய்ல இருக்கிற ஈரத்தை இழுத்துடும், அதுல குழாய் சுருங்கும். நம்ம ஹைவெல்டு, அதாவது இந்த மேட்டு நிலத்துக் காத்து குளிரு மட்டும் இல்ல, எலும்பு மாதிரி காஞ்ச காத்து, அதனால இங்க கூடுதலா இருக்கும். ஓடி நிறுத்தின பிறகு 5, 10 நிமிஷம் கழிச்சுத்தான் இருமல் உச்சத்துக்குப் போகும். அதனால "ஓடும்போது நல்லாத்தானே இருந்தா"ன்னு சொல்ற டீச்சரை நம்பாதீங்க, பீரியடு முடிஞ்ச பிறகு அவளைப் பாக்கணும்.

மொதல்ல டாக்டர்கிட்ட போங்க, ஓடுறதுக்கு முன்னாடி ப்ளூ பம்ப் (மூச்சுக்குழாயை விரிக்கிற இன்ஹேலர்) எடுக்கணுமா, எத்தனை நிமிஷம் முன்னாடின்னு எழுதி வாங்குங்க, பல டாக்டர்கள் ஒரு 10, 15 நிமிஷம் முன்னாடின்னு சொல்லுவாங்க, ஆனா உங்க பொண்ணுக்கு உங்க டாக்டர் சொல்றதுதான். அந்தத் தாளோட ஒரு காப்பி என்னை மாதிரி இருக்கிற மாஸ்டர் கைல இருக்கணும். அடுத்து வார்ம் அப்: ஒரேடியா ஓட விடாம 10 நிமிஷம் போல சின்னச் சின்னதா 20, 30 செகண்டு வேகமா, நடுவுல நடை, இப்படி ஏத்திக் கொண்டு போனா நிறைய பிள்ளைங்களுக்கு அதுக்கப்புறம் தொந்தரவு குறையுது. கழுத்துல ஒரு பஃப் (குழாய் மாதிரி இருக்கிற துணி) போட்டு மூக்கு வாயை மூடிக்கிட்டா உள்ள போற காத்து கொஞ்சம் சூடாவும் ஈரமாவும் போகும். முடிக்கும்போதும் டக்குனு நிறுத்தக் கூடாது.

பம்ப் எங்க இருக்கு? பைல இருக்கு, பை கிளாஸ்ல இருக்கு, கிளாஸ் பூட்டியிருக்கு. இதை நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு பையன் உதடு நீலமாகி கிரவுண்டுல உக்காந்திருக்கான், சாவி வச்சிருக்கிறவரைத் தேடி 2 பேர் ஓடுறாங்க. பிழைச்சான். பம்ப் பிள்ளையோட பாக்கெட்ல, இல்லன்னா கிரவுண்டுல மாஸ்டர்கிட்ட. வேற எங்கயும் இல்ல.

டர்பன் தம்பி: அண்ணா, எங்க ஊருக்கும் ஏதாவது சொல்லுங்க, குளிர்காலத்துல என்ன செய்யலாம்?

டர்பன்ல பகல் 22, 23 டிகிரி தம்பி. ஜனவரி வேக்காட்டை விட உங்களுக்கு இதுதான் ஓடுறதுக்கு நல்ல காலம். உங்க ஊருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ஓடுற காம்ரேட்ஸ் மாரத்தானே இப்பல்லாம் ஜூன்லதான் வைக்கிறாங்க. பசங்களை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க.

கேப்டவுன் டீச்சர்: எங்களுக்குக் குளிரு பிரச்சனை இல்ல, மழை. ஹால் சின்னது, 38 பிள்ளைங்க. டெக்னாலஜி ஏதாவது உதவுமா? ப்ரொஜெக்டர் ஒண்ணு இருக்கு.

டீச்சர், ப்ரொஜெக்டரை விட ஒரு நல்ல ஸ்பீக்கர் உங்களுக்கு உதவும். 30 செகண்டு பாட்டு, 15 செகண்டு அமைதி, இப்படி போன்ல ஒரு டைமர் ஆப் போட்டுட்டு ஹால் சுவரைச் சுத்தி 10 ஸ்டேஷன் வைங்க, ஒவ்வொண்ணுலயும் 3, 4 பேர்: கயிறு, பெஞ்சு ஏறி இறங்குறது, சுவர்ல பந்தடிக்கிறது. பாட்டு நின்னா அடுத்ததுக்கு ஓடணும். நீங்க கத்த வேண்டாம், விசில் வேண்டாம், உங்க ரெண்டு கண்ணும் பிள்ளைங்க மேல இருக்கும். டெக்னாலஜின்னா எனக்கு இதுதான்.

பீப் டெஸ்ட் கேள்விப்பட்டிருப்பீங்க, 1980கள்ல கனடாவுல லெஜேன்னு ஒருத்தரோட குழு கொண்டு வந்த 20 மீட்டர் ஓட்டம், அடுத்த பீப் சத்தம் வர்றதுக்குள்ள எதிர்க் கோட்டைத் தொடணும், முடியாதவங்க வெளிய. வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு அரை கிலோமீட்டர் ஏறும். முதல் லெவல்ல 20 மீட்டருக்கு எட்டரை செகண்டு கிடைக்கும், அது எல்லாப் பிள்ளைக்கும் முடியும். ஒரே ஒரு ஆடியோ போதும். ஆனா வெளியேறின பிள்ளைங்க சுவரோரமா நின்னு வேடிக்கை பாக்குறதுதான் அதுல தப்பு. நான் மாத்திக்கிட்டேன், விட்டுப் போன பிள்ளை ரெண்டு லெவல் கீழ இருக்கிற வேகத்துல பக்கத்து லைன்ல ஓடிக்கிட்டே இருக்கணும்.

ஹால்ல கோ-கோ நல்லா வரும். நம்ம விளையாட்டுன்னு நினைக்கிறோம், இங்க தென்னாப்பிரிக்காவுல பாரம்பரிய விளையாட்டுப் பட்டியல்லயே கோ-கோ இருக்கு, ட்ரீ ஸ்டாக்கீஸும் அதுல இருக்கு, மூணு குச்சியை வச்சு தாண்டித் தாண்டி ஓடுறது. ஆனா முறைப்படி கோ-கோன்னா 8 பேர் குந்தி உக்காந்திருப்பாங்க, ஒருத்தர்தான் துரத்துவார். குளிர்ல அது ஆகாது. 3 பேர் உக்காரட்டும், ஒருத்தர் துரத்தட்டும், ரெண்டு பேர் ஓடட்டும், இப்படி 6 ஆட்டத்தை ஒரே நேரத்துல விடுங்க, மிச்சம் ரெண்டு பேர் நடுவர், அவங்களும் கூடவே ஓடணும்.

மிட்ராண்ட் அப்பா: நான் ஐடி. எங்க கம்பெனி மூலமா ஸ்கூலுக்கு 30 ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாம்னு இருக்கேன். ஹார்ட் ரேட், ஸ்டெப்ஸ் எல்லாம் லைவா பெரிய ஸ்க்ரீன்ல ஒவ்வொரு பிள்ளை பேரோட வரும். போட்டில எல்லாரும் ஓடுவாங்க. எப்படி?

மனசு நல்ல மனசு. ஆனா ஸ்க்ரீன்ல பேர் போடாதீங்க சார். நானே இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். ஸ்டெப் கணக்கை வாராவாரம் கிளாஸ் சுவர்ல ஒட்டினேன். முதல் மூணு இடத்துக்கு அதே 3 பேர் வந்தாங்க, அவங்க எப்படியும் ஓடுற பசங்க. கடைசில ஒரு குண்டுப் பையன் வந்துக்கிட்டே இருந்தான், மூணாவது வாரம் டேக்கீஸ் (ஓடுற ஷூ) மறந்துட்டேன்னான், நாலாவது வாரம் வயித்து வலின்னான், அஞ்சாவது வாரம் எனக்குப் புரிஞ்சுது. அந்தப் பையனை மறுபடி கிரவுண்டுக்குக் கொண்டு வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நடுவுல இருந்தவங்க உக்காந்துக்கிட்டே கையை ஆட்டி எண்ணிக்கை ஏத்தக் கத்துக்கிட்டாங்க.

மிட்ராண்ட் அப்பா: ஹார்ட் ரேட்டை கையாட்டி ஏமாத்த முடியாதே. 220லேர்ந்து வயசைக் கழிச்சு அதுல 70 பர்சன்ட் தாண்டினா பச்சைன்னு வைக்கலாம்.

220 கணக்கு பெரியவங்களுக்கே தோராயம்தான், பிள்ளைங்களுக்கு பொருந்தாது. அவங்களுக்கு உச்ச துடிப்பு பொதுவா 195, 200 பக்கம் இருக்கும், 8 வயசுக்கும் 14 வயசுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அடுத்து, மணிக்கட்டு வாட்ச் வெளிச்சத்தை வச்சு தோல்ல ஓடுற ரத்தத்தைத்தான் பாக்குது. குளிர்ல கைக்கு ரத்தம் குறையும், பிள்ளை மணிக்கட்டு சின்னது, பட்டை ஆடும். நீங்க ஆசைப்படுற அதே ஜூலை காலைலதான் அது தப்பான நம்பர் காட்டும். மார்புப் பட்டைதான் சரியா காட்டும், 30 பிள்ளைக்கு அதை மாட்டி முடிக்கிறதுக்குள்ள பீரியடு போயிடும். எனக்கு பேச்சுதான் மீட்டர்: ஓடிக்கிட்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீச்சர்: அண்ணா, இதுல நான் உங்க கூட முழுசா ஒத்துப் போகல. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு பந்துன்னாலே பயந்து ஒதுங்குவா. சாதாரண ஸ்டெப் கவுண்டர் ஒண்ணு இடுப்புல மாட்டி விட்டேன், யார்கிட்டயும் காட்டாம தானே எழுதி வச்சுக்கிட்டு இப்ப இன்டர்வல்ல கூட நடக்குறா.

நீங்க சொல்றது சரிதாம்மா, நான் திருத்திக்கிறேன். அவ தன்னோட போன வாரத்தோட போட்டி போடுறா, நோட்டு அவ கைல இருக்கு. என் சுவர்ப் பட்டியல்ல இல்லாதது அதுதான். 10,000 ஸ்டெப்ஸ் மட்டும் சொல்லிடாதீங்க, அது 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி தன்னோட ஸ்டெப் கவுண்டருக்கு வச்ச பேர்லேர்ந்து வந்த எண்ணு, பிள்ளைங்களை அளந்து வந்தது இல்ல. உலக சுகாதார நிறுவனம் 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் சொல்றது ஒரு நாளைக்கு சராசரி 60 நிமிஷம், மூச்சு வாங்குற அளவுக்கு.

மிட்ராண்ட் அப்பா: சரி, பேர் வேண்டாம், நம்பர் குடுத்து வைக்கிறேன். டேட்டா கிளவுட்ல இருக்கும்.

24ம் நம்பர் யாருன்னு கிளாஸுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? அப்புறம் கிளவுட் யாரோடது? போப்பியான்னு இங்க இருக்கிற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1லேர்ந்து எல்லாருக்கும் கட்டாயம், 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட தகவலை எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும், உடல்நலத் தகவல்னா இன்னும் கறார். ஒவ்வொரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கணும், மாட்டேன்னு சொன்ன வீட்டுப் பிள்ளையைத் தனியா ஒதுக்கவும் கூடாது. அந்தப் பணத்துல 30 பந்து, 40 கயிறு, ஒரு பேட்டரி ஸ்பீக்கர் வாங்கித் தாங்க சார். ஆளுக்கு ஒரு பந்து இருந்தா க்யூவே கிடையாது. மீதி இருந்தா அந்த டீச்சர் சொன்ன மாதிரி இடுப்பு கவுண்டர் கொஞ்சம். இதை நான் கெஞ்சிக் கேக்குறேன்.

ப்ரிடோரியா அம்மா: குளிர்ல விளையாடினா சளி பிடிக்காதா?

சளி வைரஸ்லேர்ந்து வருது, ஜன்னலை மூடி 35 பேர் ஒண்ணா உக்காந்திருக்கிற ரூம்ல நல்லா பரவும். காய்ச்சல், நெஞ்சு சளி, உடம்பு வலி இருந்தா வீட்டுல வைங்க. மூக்கு ஒழுகுறது மட்டும்னா மெதுவா விளையாடலாம்.

ஃபீனிக்ஸ் அக்கா: தம்பி, குளிர் காத்துல விட்டா சளி வருமே?

மேல ப்ரிடோரியா அம்மாவுக்குச் சொல்லியிருக்கேன் அக்கா.

லெனேசியா அப்பா: குளிர்ல ஓடினா நெஞ்சுல சளி கட்டுமா?

அதே பதில்தான் சார். தயவு செஞ்சு மேல படிச்சுட்டு கேளுங்க.

சாட்ஸ்வொர்த் அப்பா: 13 வயசுப் பையன் 78 கிலோ. என்ன சாப்பாடு குடுக்கலாம்?

சாப்பாடு என் துறை இல்லைங்க. கிளினிக்ல டயட்டீஷியனைப் பாருங்க. அவன் முன்னாடி எடையைப் பத்திப் பேசாதீங்க, சாயங்காலம் அவன் கூட நீங்களும் நடங்க.

போக்ஸ்பர்க் அம்மா: 10வது படிக்கிற பொண்ணுக்கு பி.டி. நேரத்துல மேத்ஸ் எடுக்குறாங்க. கேட்டா குளிருதேங்கிறாங்க.

இது எனக்குக் கோவம் வர்ற கேள்வி. 7ம் கிளாஸ்லேர்ந்து 12 வரைக்கும் லைஃப் ஓரியன்டேஷன்ங்கிற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு வாரம் 2 மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் பி.டி.ன்னு பாடத்திட்டத்துலயே இருக்கு. யாரோ பெரிய மனசு பண்ணிக் குடுக்குறது கிடையாது. திருநெல்வேலில இதையே பாத்தேன், இங்கயும் இதையே பாக்குறேன், பரீட்சை வந்தா மொதல்ல வெட்டுறது எங்க பீரியடைத்தான். எழுத்துல கேளுங்க, "இந்த டெர்ம்ல எத்தனை பி.டி. பீரியடு நடந்துச்சு"ன்னு தேதியோட கேளுங்க. வாயால கேட்டா வாயாலயே பதில் வரும்.

ப்ளூம்ஃபொன்டெய்ன் டீச்சர்: சார், எங்களுக்குக் காலைல மைனஸ் 3. புல்லு மேல வெள்ளையா உறைபனி. பிள்ளைங்களை இறக்கலாமா?

உறைபனி மேல இறக்காதீங்க. வழுக்கும், புல்லும் மிதிபட்ட இடமெல்லாம் கருகிப் போகும். நெட்பால் கோர்ட்டு இருந்தா அதுவும் நிழல்ல இருக்கிற பக்கம் ஈரமா இருக்கும், உங்க ஷூவால தேச்சுப் பாத்துட்டு விடுங்க. ஜெர்சி போட்டே ஆரம்பிக்கட்டும், 5 நிமிஷம் ஓடினதும் கழட்டி இடுப்புல கட்டிக்கச் சொல்லுங்க, முடிச்ச உடனே திரும்பப் போடணும். 10 மணிக்கு மேல வெயில் பட்டு புல்லு காஞ்சிருக்கும், அப்ப கிரவுண்டுக்கு விடுங்க.