வராதவர் நோட்டு

கேள்வி: நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் 7 நாள் முகாம். கோயிலைப் பெருக்குகிறோம், கன்று நடுகிறோம், பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இதனால் ஊருக்கு என்ன பயன் அம்மா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், குடியாத்தம்

பதில்: கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று எழுதவில்லையே தம்பி! வேலூர் வெயிலில் அது சித்திரையைத் தாண்டாது. பெருக்குவதையும் விடுங்கள், ஊர்க்காரர்களிடமே விளக்குமாறு இருக்கிறது.

திட்ட அலுவலராக இருந்தபோது நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சிப் பள்ளியில் மருத்துவ முகாம் போட்டோம். நல்ல கூட்டம், எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் ஒரு மாணவி, "மேடம், மூணாவது தெருவுல ஒரு அண்ணன் வீல்சேர்ல இருக்கார், அவரால வர முடியல" என்றாள். பள்ளி வாசலில் மூன்று படி. மறுநாளே செங்கல், சிமென்ட் வாங்கி நாலடி நீளத்துக்குச் சாய்தளம் கட்டிவிட்டோம். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல ஏறினா மல்லாந்துடுவேன் டீச்சர்!" ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு. எங்கள் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி, ஆக 18 அடி. முதலிலேயே அவரைக் கேட்டிருந்தால் சிமென்ட் மிச்சம். இடித்துவிட்டுச் சுவரோரமாகத் திருப்பிக் கட்டினோம். டேப் பிடித்தது அவர்தான்.

அன்றிலிருந்து என் பிள்ளைகளின் நோட்டில் வந்தவர் பெயரோடு வராதவர் பெயரும் ஏறியது. அந்த வீடுகளுக்கு மறுநாள் போவோம். சிலர் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு தாத்தாவுக்குக் காது கேட்காது, நாங்கள் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தியதெல்லாம் அவருக்கு எட்டவே இல்லை. ஒரு பாட்டி கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். வெளுத்த தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை. கரிகிரி ஆஸ்பத்திரியில் இத்தனை காலமாகத் தொழுநோய்க்கு வைத்தியம் நடக்கிற மாவட்டத்தில் இன்னும் அந்த மறைப்பு! கூட்டு மருந்து இலவசம், 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். நீங்கள் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம், தெருவில் பேசவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போய் வாருங்கள், போதும்.

முகாம் போக, இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவை உங்களுக்கு இருக்கிறதே? அதே ஊருக்குத் திரும்பப் போங்கள். கன்றுக்கும் தண்ணீர் கிடைக்கும்.

கேள்வி: கல்லூரியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரே இருட்டு. பையன்களின் கேலி வேறு. விழிப்புணர்வுப் பேரணி போகலாமா?
– மாணவி, காட்பாடி

பதில்: பேரணி காலை பத்து மணிக்குப் போவீர்கள், பயம் சாயங்காலம் ஏழு மணிக்கு அல்லவா வருகிறது? அந்த நேரத்தில் ஐந்தாறு பேராக நடந்து பாருங்கம்மா. விளக்கு எரியாத கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். "இருட்டாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் எந்த இருட்டு என்பார்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ போனில் பதிந்து வையுங்கள். ஸ்டாப்பில் இருக்கும் டீக்கடை அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கேலி பேசுகிறவன் யார் வீட்டுப் பையன் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.