சனி இரவு மேட்ச், ஞாயிறு காலை 16 கிலோமீட்டர்

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 36. கல்லூரி நாளிலிருந்தே இங்கிலாந்து கால்பந்து அணி ஆர்சனலின் ரசிகன். நேரலையில் பார்க்காத மேட்ச் எனக்கு மேட்சே இல்லை. ஜனவரியில் முதல் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் குழு ஞாயிறு காலை 5 மணிக்கு கே.ஆர்.பி. அணைப் பக்கம் நீண்ட ஓட்டம் போகும். நவம்பர் பிறந்ததிலிருந்து சனிக்கிழமை மேட்ச் முடிந்து படுக்க 1 மணி தாண்டிவிடுகிறது. மூன்று வாரமாக மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஓடுகிறேன். இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகால் நரம்பு இழுக்கிறது. "ஏதாவது ஒண்ணை விடுங்க" என்கிறார் மனைவி. எதை விடுவது?

பதில்: ஆர்சனலையும் விட வேண்டாம், ஓட்டத்தையும் விட வேண்டாம். அந்த ஞாயிறு காலை 5 மணியை விடுங்கள்.

நானும் தருமபுரியில் இதே கூத்தை அடித்தவன்தான். ஆனால் நான் ஆர்சனல் இல்லை, லிவர்பூல் அணியின் கட்சி. 2019 மே மாதம் பார்சிலோனாவை 4-0 என்று அடித்த அந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய அணிகளின் கோப்பை) அரையிறுதி நமக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டிப் பார்க்கும் அரையிறுதியில், முதல் ஆட்டத்தை 0-3 என்று தோற்றிருந்ததால் பாதியில் படுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். 79வது நிமிடம் ஒரிகி நான்காவது கோலைப் போட்டதும் எங்கே படுக்க? பொழுது விடிவதற்கு முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு அதியமான்கோட்டைப் பக்கம் கிளம்பிவிட்டேன். முதல் 6 கிலோமீட்டர் பறந்தேன். எட்டாவதில் ஒரு வேகத்தடையிலிருந்து இறங்கும்போது தொடையின் பின்பக்கம் சுருக்கென்றது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து மாஸ்டர் கேட்டார்: "என்ன சார், நாய் துரத்துச்சா?" ஆறு வாரம் ஓட்டம் இல்லை. மற்றவர்களின் கால் வலிக்கு மருந்து சொல்கிற பிசியோதெரபிஸ்ட்டின் லட்சணம் இது.

அன்று என்னைப் பறக்க வைத்தது வேறொன்றும் இல்லை, மேட்ச் ஏற்றிவிட்ட பரபரப்புதான். நெருக்கமான ஆட்டம் முடிந்து டிவியை அணைத்தாலும் உடம்பு அடங்க நேரமாகும், தூக்கமும் உடனே வராது. ஓடிய தசையைச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் நடக்கிறது, வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் அப்போதுதான். தூக்கம் குறைந்த காலையில் அதே வேகம் கூடுதல் சிரமமாகத் தெரியும், கால் வைக்கும் இடத்தில் கவனமும் தவறும். மூன்று வாரம் இப்படி ஓடிவிட்டுக் குதிகாலை மட்டும் குறை சொல்லக் கூடாது.

சரி, நேரத்துக்கு வருவோம். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறன்று முன்னுக்குக் கொண்டுவருவார்கள். நாம் தொடுவதில்லை. அதனால் அவர்களுடைய சனிக்கிழமை மாலை 5.30 மேட்ச், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நமக்கு இரவு 10 மணி, நவம்பரிலிருந்து 11 மணி. அது முடிய 1 மணி ஆகிவிடும். உங்கள் சிக்கல் நவம்பரில் முளைத்தது இதனால்தான்.

அதே மாதங்களில்தான் கிருஷ்ணகிரி குளிர்கிறது. டிசம்பரில் அணைப் பக்கம் பனி விலகுவதற்கே நேரமாகும், 7.30க்குத் தொடங்கினாலும் வெயில் கடிக்காது. ஏப்ரல், மே மாதங்களில் 5 மணிக்கே கிளம்பியாக வேண்டும், ஆனால் அப்போது மேட்சும் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். குளிர்காலத்தில் தாமதமாக எழுந்து ஓட ஊரே அனுமதி கொடுக்கும்போது, குழு 5 மணிக்குக் கிளம்புகிறது என்பதற்காகக் கோடைக்கால நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?

அதைவிட எளிய வழி, ஓட்டத்தை முன்னால் வைத்து ஆட்டத்தைப் பின்னால் வைப்பது. மேட்ச் சனி இரவு என்றால் நீண்ட ஓட்டம் சனி காலை. மேட்ச் ஞாயிறு என்றால் குழுவோடு ஞாயிறு காலை. உங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை, அதில் கேள்வியே இல்லை. மற்ற சனிக்கிழமைகளில் 5 மணிக்குக் கிளம்பினால், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 16 கிலோமீட்டரை 7 மணி சுமாருக்கு முடித்துவிடலாம். குளித்துவிட்டு நிதானமாகக் களியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குக் கிளையில் இருக்கலாம். வெள்ளி இரவு சீக்கிரம் படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு காலை 8.30 வரை தூங்கிவிட்டு மாலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும்.

இதை ஜனவரி வரைக்கும் ஒரே மூச்சில் அட்டவணை போட்டுவிடாதீர்கள். ஆர்சனல் ஆடும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அட்டவணை சீசனுக்கு முன்பே வந்தாலும் டிவிக்காக நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். மாதா மாதம் பார்த்துப் போடுங்கள். சீசனின் 38 லீக் மேட்சையும் நேரலையில் பார்ப்பதா என்பதையும் மனைவியோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பரம எதிரி டாட்டன்ஹாமோடு மோதல் என்றால் விழித்திருங்கள், நான் தடுக்கவில்லை. கடைசி இடத்து அணியோடு ஆடுவதை ஆப்பில் மறுநாள் பார்த்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

வார நடுவில் வரும் சாம்பியன்ஸ் லீக் வேறு விவகாரம். குளிர்காலத்தில் பெரும்பாலான மேட்ச் நமக்கு இரவு 1.30க்குத் தொடங்கும். முடிய 3.25 ஆகும். தோற்றால் வெளியேறும் நாக் அவுட் சுற்றைத் தவிர வேறு எதற்கும் விழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. விழித்தே ஆக வேண்டுமென்றால் 9 மணிக்கே படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து பாருங்கள். மறுநாள் ஓட்டம் கிடையாது. விழித்திருக்க இரவு 9 மணிக்கு ஃபில்டர் காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அந்த காஃபீனில் பாதி 2 மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது குதிகால். நீங்கள் நரம்பு என்று சொல்வது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். காலையில் இறங்கும்போது இழுத்து, நாலடி நடந்ததும் தளர்ந்தால் அது அளவுக்கு மீறிய வேலையின் புகார். இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். வேக ஓட்டம், கோட்டை மலை ஏற்றம் இரண்டும் வேண்டாம். தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தரையில் இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள், 15 தடவை, மூன்று சுற்று. செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை இழுப்பு கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். என்றைக்காவது பட்டென்று அறுந்த மாதிரி தோன்றி, முன்பாதத்தில் ஊன்றி எழ முடியாமல் போனால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஜனவரிக்கு நாள் இருக்கிறது, இரண்டு வாரம் குறைத்து ஓடியதால் யாரும் 21 கிலோமீட்டரைத் தவற விட்டதில்லை.

பதிவு செய்த மேட்சைப் பார்க்கப் போகும் நாளில் ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், வாட்ஸ்ஆப் குழுவை ம்யூட் செய்யுங்கள். ஓட்டத் தோழர்களிடம் கிளம்பும்போதே "ஸ்கோர் சொல்லாதீங்க" என்று சத்தியம் வாங்கிவிடுங்கள். எங்கள் குழுவில் மான்செஸ்டர் யுனைடெட் கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். சத்தியம் செய்துவிட்டு மூன்றாவது கிலோமீட்டரில் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் தோற்றது அப்போதே தெரிந்துவிட்டது.