ஜன்னல் இல்லாத குளியலறைக்கு எந்த நிறம்?

கிரீம் டைல்ஸுக்கு மேலே தூய வெள்ளை அடித்த பிறகு டைல்ஸ் அழுக்காகத் தெரிகிறது என்கிறீர்கள். தப்பு டைல்ஸில் இல்லை. அதில் மஞ்சள் சாயல் இருக்கிறது; நீலச் சாயலுள்ள வெள்ளை பக்கத்தில் வந்ததும் அந்த மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறது. வெளிர் சாம்பல் அடித்தாலும் இதே கதைதான்.

முதலில் பல்பைப் பாருங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் குறித்திருப்பார்கள்; 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) என்றால் 3000 அல்லது 3500-க்கு (மஞ்சள் கலந்த ஒளி) மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

பிறகு டைல்ஸை விட ஒரு படி வெளிறிய, அதே மஞ்சள் சாயலுள்ள ஆஃப் ஒயிட்டைத் தேடுங்கள். ஷேட் கார்டின் சின்னக் கட்டத்தை நம்ப வேண்டாம். ஏ4 அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் டைல்ஸை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தி, குளியலறை விளக்கிலேயே பாருங்கள். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறமல்ல.

சுவருக்கு மிதமாகப் பளபளக்கும் சாட்டின் அல்லது செமி கிளாஸ் பெயின்ட் போதும். முழு கிளாஸ் வேண்டாம், சுவரைச் சமன்படுத்தப் பூசிய பட்டியின் மேடுபள்ளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். கூரையில் பூஞ்சைக் கறுப்பு இருந்தால் அதன்மேல் அப்படியே அடிக்காதீர்கள், திரும்ப வரும். பூஞ்சைக்கொல்லி போட்டுத் துடைத்து, காயவிட்டு, பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட். ஈரக்காற்றை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் அதுதான் முதல் செலவு.