அப்பாவுக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு நீக்கி 15 நாள் ஆகிறது. பாதம் வீங்கியிருக்கிறது, புண்ணும் ஆறவில்லை. பலூன் சிகிச்சை வீணாகிவிட்டதா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் வீட்டில் அந்தப் பதினைந்தாம் நாள் நடந்த சண்டைதான் ஞாபகம் வந்தது. நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டுத் திருமங்கலத்தில் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதுகிறவள். தப்பு இருந்தால் சொல்லுங்கள், மல்லுக்கு நிற்க வேண்டாம்.

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, அதற்கும் மூத்தது பீடி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெறுங்காலோடு மதுரைக்குப் போனார். தார்ரோட்டுச் சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பெருவிரலுக்கு அடியில் கொப்புளத்தைப் பார்த்தோம். இரண்டு மாதமாகியும் ஆறாமல் விரல் நுனி கறுத்தது. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தார்கள்: 0.5. இது 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தமாம். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பலூன் வைத்தார்கள். மறுநாள் அளவு ஏறியதும் தெருவுக்கே சொன்னேன். அப்புறம்தான் கால் வீங்கியது.

திரும்ப ஓடினோம். ரத்தம் கட்டியிருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. பிறகு டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். பலூன் திறந்தது பெரிய குழாயை மட்டும். விரல் வரை போவது முடியைவிட மெல்லிய குழாய்கள். வருடக்கணக்கில் வந்த கொஞ்சம் ரத்தத்தையாவது வாங்கிக்கொள்ள அவை வாயைத் திறந்தே வைத்திருந்தன. சுருங்கும் பழக்கமே போய்விட்டது. திடீரென்று வேகமாக ரத்தம் வந்தால் சதைக்குள் நீர் கசிகிறது. சர்க்கரையும் பீடியும் குழாயின் உள்சவ்வைக் கெடுத்திருப்பதால், வேண்டிய நேரத்தில் விரியவும் தெரியாது. தோல் வரைக்கும் ஆக்சிஜன் ஏற மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம் என்றார்.

ஊர்க் கண்மாயில் முப்பது வருடம் நீர்பாய்ச்சியாக இருந்த அப்பா கேட்டார்: “மடையத் தொறந்துட்டீக, வயலு வாமடையில ஆளு இல்ல. அம்புட்டுத்தானே?” டாக்டர் சிரித்துவிட்டார்.

சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு மட்டும் இது புரியவில்லை. வீடியோ காலில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு “காச வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க” என்றார். அது யார் காசு? என் வளையலை அடகு வைத்த காசு. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்தாயிரம் மொய் எழுதியவர், அப்பாவின் கட்டுத்துணிக்கு ஒரு ரூபாய் அனுப்பவில்லை. சரி, அதை விடுங்கள்.

அத்தை வெந்நீர்ப் பையோடு வந்தார், பிடுங்கி வைத்தேன். உணர்ச்சியில்லாத காலில் சூடு வைத்தால் இன்னொரு கொப்புளம்தான். நீங்களும் சூடு வைக்க விடாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவர் இறுகி, கணுக்கால் அளவு நன்றாக இருப்பதுபோலக் காட்டும். விரலிலும் பிரஷர் பார்த்தார்களா என்று கேளுங்கள். வீக்கத்தை நீங்களாக முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கால் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, வலி கூடினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நான்காவது வாரம் கட்டுப் பிரித்து ஓரத்தைச் சுரண்டியபோது ரத்தம் துளிர்த்தது. நர்ஸம்மா “நல்லதும்மா” என்றார். புண் மூட இன்னும் மூன்று மாதம் பிடித்தது.

இந்த வருடம் எம்.சி.ஆர். என்கிற, சர்க்கரைக்காரர்களுக்கான மெத்து ரப்பர் செருப்போடுதான் அழகரைப் பார்க்கப் போனார். கும்பிடும்போது மட்டும் வாரிலிருந்து காலை உருவி, செருப்பின் மேலேயே நின்றுகொண்டார்.