அட்மின் கணக்கில் ஓடும் மென்பொருள் சாதாரணப் பயனர் கணக்கில் திறக்க மறுப்பது ஏன்?

விண்டோஸ் கணினியில் அட்மின் பாஸ்வேர்டு போட்டு ஒரு மென்பொருளை நிறுவியிருப்பீர்கள். உங்களுக்குத் திறக்கும், பயனர் திறந்தால் மூடிக்கொள்ளும். "அவரையும் அட்மின் ஆக்கிவிடு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸில் ஒரு கிடங்கு. லேபிள் அச்சடிக்கும் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலை கவுண்டர் அக்கா ஃபோன்: "தம்பி, திறந்ததும் மறைஞ்சிடுது. வெளியே லாரி நிக்குது." விற்ற நிறுவனத்தைக் கேட்டால், "ஃபுல் அட்மின் ரைட்ஸ் கொடுங்க." மாட்டேன் என்றதும், "அழிச்சிட்டு மறுபடி போடுங்க."

அதற்காக இரண்டு முறை போனேன். 2017-ல் ரயில் துவாஸ் லிங்க் வரை வந்துவிட்டது, இனி என்ன கஷ்டம் என்பவர்கள் மதிய வெயிலில் அங்கே பஸ்ஸுக்கு நின்று பார்க்கட்டும். டாக்சிக் காசு கேட்டால் என் மேலாளர் சிரிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் முறை, ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரிவரியாகக் காட்டும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் மானிட்டரை அட்மின் உரிமையோடு ஓடவிட்டு, அக்காவை அவர் கணக்கிலேயே மென்பொருளைத் திறக்கச் சொன்னேன். 'ஆக்சஸ் டினைடு' (அனுமதி மறுப்பு) வரிகளை மட்டும் வடிகட்டினால் கள்ளன் அகப்பட்டான். மென்பொருள் தன் செட்டிங்ஸ் கோப்பை, மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுதப் பார்க்கிறது. சாதாரணப் பயனர் அங்கே படிக்கலாம், எழுத முடியாது.

பழைய பதிப்பும் இதே தப்பைத்தான் செய்தது. ஆனால் அது 32-பிட். அப்படிப்பட்ட பழைய நிரல்கள் எழுதுவதை, விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் சத்தமில்லாமல் பயனரின் சொந்த இடத்தில் உள்ள விர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடும். புதுசு 64-பிட், அதற்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்த ஒரு கோப்புக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்கு, அதாவது சாதாரணப் பயனர்களுக்கு, மாடிஃபை (மாற்றி எழுதும்) உரிமை கொடுத்தேன், ஓடியது. கோப்பை, நிரல்களின் பொதுத் தரவுக்கான புரோகிராம்டேட்டா கோப்புறைக்கு மாற்றுவதுதான் முறை என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: தெரியும் ஐயா, அதை நிரல் எழுதியவர் செய்ய வேண்டும், லாரி அதுவரை நிற்காது. முழுக் கோப்புறைக்கும் உரிமை கொடுத்துவிடாதீர்கள். யாராவது உள்ளே இருக்கும் நிரலையே மாற்றி வைத்தால், அடுத்து அட்மின் திறக்கும்போது அது அட்மின் உரிமையோடு ஓடும்.

உங்கள் பயனருக்கு ஐகானே தெரியவில்லை என்றால் கதை வேறு. மென்பொருள் அட்மினின் சொந்தக் கோப்புறையான ஆப்டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதை நீக்கிவிட்டு, நிறுவும்போது 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அனைவருக்குமான பதிப்பை விற்றவரிடம் கேளுங்கள்.

அக்கா அன்று கோப்பி வாங்கிக் கொடுத்தார். கண்டுபிடித்ததை எல்லாம் விளக்கி விற்ற நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வந்தது: "அட்மின் ரைட்ஸ் கொடுத்துப் பார்த்தீர்களா?"